கரம்பைப்பாறையில் மொய் விருந்து

காசு பேச ஆரம்பித்த நாளிலிருந்துதான் கரம்பைப்பாறைக்குச் சனி பிடித்தது. அதற்கு முன்னாலும் ஊருக்குக் கடன் இருந்தது, இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் அந்தக் கடன் வாயைத் திறக்காமல் ஒரு மூலையில் கிடந்தது. கேட்டு வந்தவர்களைக் காபி கொடுத்து, "அடுத்த மாசம் பாக்கலாங்க" என்று அனுப்பிவிட முடிந்தது. மடியில் இருக்கிற காசே ஊரைக் கூட்டினால் மனுஷர் என்னதான் செய்வார்கள்?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஏழு பாறைகள் சுற்றுகின்றன. ஏழிலும் ஆள் குடியிருக்கிறது. ஆறு பாறைகளில் இருப்பவர்கள், பேராவூரணி, கீரமங்கலம் பக்கமிருந்து பனிக்கட்டி வெட்டும் வேலைக்குப் போனவர்களின் வாரிசுகள். ஏழாவதான தலைப்பாறையில் அலுவலகங்களும், அந்த அலுவலகங்களைக் கண்காணிக்கிற அலுவலகங்களும் இருந்தன. ஏழு ஊருக்கும் ஒரே காசு, ஏழூர்க் காசு. முன்பு ஒரு தடவை எல்லா ஊரும் கண்மண் தெரியாமல் செலவழித்து அதன் மதிப்பைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டதால், தலைப்பாறையிலிருந்த பொதுக்காசு ஆணையம் ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு காசுக்குள்ளும் கடுகளவு மூளை, கூடவே ஒரு வாய். கை மாறும்போது, கொடுப்பவரின் யோக்கியதையை வாங்குபவரிடம் காசே சொல்லிவிடும். கடனாளி ஊர்க்காரர் என்றால் இன்னும் சத்தமாகச் சொல்லும். காசுகள் தங்களுக்குள்ளும் ஓயாமல் பேசிக்கொள்ளும். அவை என்ன பேசுகின்றன என்று யாருக்கும் தெரியாது.

தையல்நாயகி கரம்பைப்பாறையின் நிதி உறுப்பினர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை, அதனால் போட்டியில்லாமல் ஜெயித்தவள். அவளுடைய சுருக்குப்பையில் ஒரேயொரு நூறு காசு நாணயம் ரொம்ப நாளாகக் கிடந்தது. அதை யாரும் வாங்கவில்லை. ஒரு நாள் வெளியூர்க் கப்பல் வியாபாரியிடம் அதைப் பூண்டுக்குக் கொடுத்துப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றது காசு, கணீரென்று. "இந்த அம்மா ஊருக்கு நாப்பது கோடி கடன். பூண்டைக் குடுத்துட்டு அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

வியாபாரி பூண்டைத் திரும்ப மூட்டைக்குள் போட்டுவிட்டார்.

"ஏ நூறே, உன்னை எந்த நேரத்துல வாங்கினேன்னு தெரியல," என்று தையல் பல்லைக் கடித்தாள். "பூண்டில்லாம ரசம் வெச்சா காத்தமுத்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான். நீயா வந்து சமாதானம் சொல்லுவ?"

"சொல்லச் சொன்னா சொல்றேன்," என்றது காசு.

காத்தமுத்து அவளுடைய தம்பி. தலைப்பாறை தவிர ஆறு ஊரிலும் எங்கே விசேஷம் நடந்தாலும் மைக்செட் போடுகிறவன். வீட்டில் உப்பு கேட்பதையும் அறிவிப்பு மாதிரிதான் கேட்பான். அவனுக்கு வயது நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. நிச்சயதார்த்தத் தட்டில் வைத்த காசு, வெற்றிலை பாக்குக்கு நடுவிலிருந்து, "மாப்பிள்ளை வீட்டுல இதைத் தவிர வேற காசு கிடையாது, பாத்துக்கங்க" என்று சொல்லி இரண்டு சம்பந்தங்கள் முறிந்துபோயின. இரண்டாவது தடவை அவன் மூன்று நாள் மைக்கையே தொடவில்லை. அவன் பேசாமல் இருந்த அந்த மூன்று நாளும் தையலுக்கு வீடு வீடாகவே தெரியவில்லை.

இவ்வளவு கடன் எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டால், ஊரில் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் மேலே பார்ப்பார்கள். அங்கே தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு சூரியன் தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்து ஊரான வடபாறை ஒரு செயற்கைச் சூரியன் வாங்கி மாட்டியது. அவர்களே மாட்டும்போது நாம் சும்மா இருப்பதா என்று கரம்பைப்பாறை அதைவிடப் பெரியதாக ஒன்றைக் கடனுக்கு வாங்கியது. ஏற்றிய அன்றே கோழிகள் கூவ ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. தயிர் புளித்துப் பொங்கியது. ஒரு வாரம் ஊரே தூங்கவில்லை. கடைசியில் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். மூடினாலும் தவணை தவணைதானே?

ஆடி பிறந்ததும் தலைப்பாறையிலிருந்து ஆணையர் குலோத்துங்கன் கப்பலில் வந்து இறங்கினார். ஒல்லியான, நெடுநெடு மனிதர். ஓசியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தையல் அவருக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, தன் காசிடம் நியாயமான விலை கேட்டு, இரண்டு காசை எடுத்து மேசையில் வைத்தார்.

"அட, மோருக்கு யாராவது காசு குடுப்பாங்களா?" என்றாள் தையல்.

"நான் கொடுப்பேன் அம்மா. இன்னொருவர் பொருளை இலவசமாக அனுபவிப்பதுதான் எல்லாக் கடனுக்கும் ஆரம்பம்," என்றார் ஆணையர். "ஆடி கடைசி வெள்ளிக்கிழமை திரும்பி வருவேன். அதற்குள் முதல் தவணை ஒரு கோடி தயாராக இருக்க வேண்டும்."

"இல்லன்னா?"

"உங்கள் ஊர் பொதுக் காசிலிருந்து விலக்கப்படும். காசுகள் எல்லாம் தலைப்பாறைக்குத் திரும்பிவிடும். காசில்லாத ஊருக்கு மூச்சுக்காற்று ஏற்றி வரும் கப்பல் வராது. காற்றில்லாத ஊரில் ஆட்களை வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் எல்லாரையும் தொழில்வாரியாகப் பிரித்து மற்ற ஊர்களுக்கு அனுப்பிவிடுவோம். பத்து வருஷத்துக்கு ஊர் மாற அனுமதி கிடையாது."

"நான் எங்கே போவேன்?"

"கணக்குத் தெரிந்தவர்கள் தலைப்பாறைக்கு."

"எந்தம்பி மைக்செட்காரன்."

ஆணையர் பட்டியலைப் புரட்டினார். "ஒலிபெருக்கியா? கடைசிப்பாறையில் ஓர் இடம் காலி."

தலைப்பாறைக்கும் கடைசிப்பாறைக்கும் நடுவில் மற்ற ஐந்து பாறைகளும் கிடக்கின்றன. அம்மா போன பிறகு காத்தமுத்துவுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் தையல். சண்டை போடாமல் ஒரு நாளும் இருந்ததில்லை, பிரிந்தும் ஒரு நாளும் இருந்ததில்லை. பத்து வருஷம் அவன் யாரிடம் போய் ரசத்தில் பூண்டில்லை என்று கத்துவான்?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். காத்தமுத்து அறிவிப்புக்குத் தயாராகிறவன் மாதிரி தொண்டையைச் செருமினான்.

"ஏக்கா, இது ஆடி மாசந்தானே?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"மொய் விருந்து வெச்சுருவோம்."

"பைத்தியமாடா உனக்கு? கடன்கார ஊருக்கு எவன் மொய் வைப்பான்?"

"ஏன் வைக்க மாட்டான்? அஞ்சு ஊர்லயும் காதுகுத்து, கல்யாணம், மஞ்சத் தண்ணி, மொய் விருந்துன்னு ஒண்ணு விடாம நாம போய் எழுதலையா? மைக்குல படிச்சவன் நான், எனக்குத் தெரியாதா? வெச்சுக்கிட்டே இருந்தோமே ஒழிய, நாம ஒரு தடவையாவது விருந்து வெச்சு வாங்கியிருக்கோமா? சூரியன் வெச்சிருக்கிற ஊரு கை நீட்டலாமான்னு வெட்டி வீறாப்பு. எல்லாம் வெளியிலேயே கிடக்குக்கா!"

தையல் திகைத்துப்போனாள். அவன் சொல்வது அத்தனையும் நிஜம். ஊர் முழுகிக் கிடக்கிறது என்று ஏழூரும் பேசுகிறது. ஆனால் ஏழூரில் பாதிப்பேர் இந்த ஊருக்குத்தான் திருப்பிச் செய்ய வேண்டியவர்கள். மொய்யை யாரும் கடனாகப் பார்க்காததால், எந்த அதிகாரியின் கணக்கிலும் அது வரவில்லை.

சிக்கல் காசிடம்தான் இருந்தது. சுருக்குப்பையைத் திறந்து அதையே நேரில் கேட்டாள்.

"மொய்யின்னா என்ன? கடனா?" என்றது காசு.

"கடனில்ல. மொய்யைக் கடன்னு சொன்னா சொன்னவன் நாக்கு அழுகிடும்."

"தானமா?"

"மூஞ்சியைப் பேத்துருவேன். நாங்க தானமா வாங்குவோம்?"

"விலையா?"

"சோத்துக்கு எவனாவது விலை வாங்குவானா?"

"கடனில்ல, தானமில்ல, விலையில்ல. எனக்குப் புரியல. புரியாத எடத்துக்கு நான் போகவும் மாட்டேன், மத்தவங்களைப் போக விடவும் மாட்டேன்," என்றது காசு. பிறகு குரலைத் தணித்துக்கொண்டது. "நாங்க ஏன் இப்படிக் கத்துறோம்னு நெனைக்கிற? ஆசையா? ஒரு கையை விட்டுப் போனா போனதுதான். போன எடத்துலேருந்து பழைய கைக்கே திரும்பி வந்த காசுன்னு ஒண்ணைக் காட்டு பாப்போம். உன் பையில ரொம்ப நாளாக் கிடக்கேன். பழகிப்போச்சு. அதான் பூண்டுக்கெல்லாம் போக மனசு வரல."

தையல் பையை மெதுவாக இழுத்துக் கட்டினாள்.

காசு என்ன சொன்னால் என்ன, காத்தமுத்து அழைப்பு அனுப்பிவிட்டான். தொட்டியில் கறி வளர்க்கிற பாப்பாத்தியம்மா, "இதை என் மொய்யா வெச்சுக்க ஆயி" என்று ஒரு தொட்டிக் கறியை அப்படியே கொடுத்தாள். கறிக்கு வாய் கிடையாது, அதனால் அது ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு அரிசி வந்தது. ஆடி கடைசி வெள்ளியன்று சூரியனின் தார்ப்பாயையும் உருவிவிட்டார்கள். கடன் கட்டுகிறோமோ இல்லையோ, வாங்கின பொருளை விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டாமா? ஐந்து ஊர்ச் சனமும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, கறிக்குழம்பைப் பார்த்தும் பாராமலும் பிசைந்து சாப்பிட்டது. கோழிகள் விடாமல் கூவிக்கொண்டிருந்தன.

சாப்பாட்டில் குறையில்லை. மொய் மேசைதான் காலியாகக் கிடந்தது. வடபாறை செல்லத்துரை முதல் ஆளாக வந்தார். சட்டைப்பையில் கை வைத்ததுதான் தாமதம், உள்ளே இருந்த காசுகள் எல்லாம் ஒரே குரலில், "கடன்கார ஊரு! குடுக்காதே! குடுக்காதே!" என்று அலறின. மனிதர் கூசிப்போய், கை கழுவப் போவது மாதிரி நழுவிவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மேசைப் பக்கம் வராமல் வெற்றிலை போட்டார்கள். ஒரே வெற்றிலையை எவ்வளவு நேரம்தான் மெல்லுவது? காத்தமுத்து மைக்கைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தான். தையல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்குவதை அவன் பார்த்துவிடக்கூடாதே என்று அவளுக்கு இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆணையர் குலோத்துங்கன் வந்து சேர்ந்தார். வந்தவரைச் சாப்பிடாமல் விடுகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது, ஊரைக் கலைக்க வந்தவராக இருந்தாலும் சரி. கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று இலையை மறைத்த கைமேலேயே கறியைப் போட்டார்கள். மனிதர் மூன்று தடவை குழம்பு வாங்கினார். எழுந்ததும் அவருக்கு நெஞ்சு உறுத்தியது. காசை எடுத்து, "நியாயமான விலை என்ன?" என்று கேட்டார்.

"மூணு தடவை குழம்பு. ஐநூறு," என்றது அவருடைய காசு. விலைக்குப் போவதென்றால் அதற்கு மறுப்பில்லை.

பணம் எங்கே கட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பந்தலில் மேசை போட்டு ஆள் உட்கார்ந்திருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். போய் ஐநூறை வைத்தார். தலைப்பாறையில் பிறந்து வளர்ந்தவருக்கு அது என்ன மேசை என்று எப்படித் தெரியும்?

காத்தமுத்துவுக்கு அதுவே போதும்.

"தலைப்பாறை! பொதுக்காசு ஆணையம்! மாண்புமிகு ஆணையர் குலோத்துங்கன் அவர்கள்! மொய் ஐநூறு!"

பந்தல் அப்படியே நின்றுவிட்டது. வெற்றிலை மென்ற வாய்களும் நின்றன.

"இல்லை, இல்லை!" என்று ஆணையர் மைக்கைப் பிடுங்கப் போனார். "நான் மொய் வைக்கவில்லை. சாப்பிட்டதற்கு விலை கொடுத்தேன்!"

கூட்டம் முழுக்க, "ஐயையோ!" என்றது. பாப்பாத்தியம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "சோத்துக்கு வெலையா? நாங்க என்ன ஓட்டலா நடத்துறோம்? இந்தா, பாத்தா படிச்ச ஆளு மாதிரி இருக்கு, பேசுற பேச்சா இது?"

ஆணையருக்குக் காது வரை சிவந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் எத்தனையோ பேரை அழவைத்த மனிதர், ஒரு கிழவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார். "மன்னிக்க வேண்டும் அம்மா. அப்படியானால்... நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கட்டும்," என்றார்.

தையலின் மடியில் சுருக்குப்பை துள்ளியது.

"ஏய், இங்க பாரு," என்றது நூறு காசு. "அந்த ஐநூறு கேக்குது. அதை இனிமே என்ன செய்வீங்க?"

"வெச்சுக்குவோம். அவரு வீட்டுல ஒரு நல்லது நடந்தா அப்போ திருப்பி வைப்போம்."

"திருப்பின்னா? அதே ஆளுக்கா?"

"பின்ன? அதே ஆளுக்குத்தான். தனியா அனுப்ப மாட்டோம், கூட ரெண்டு காசு சேத்துத்தான் வைப்போம்."

"திரும்பிப் போகலாமா?" என்று காசு கிட்டத்தட்டக் கத்தியது. "கூட ஆளோடயா? இதை ஏன் மொதல்லயே சொல்லல? கடனா தானமான்னு கேட்டதுக்கெல்லாம் இல்ல இல்லன்னியே ஒழிய, திரும்பி வரலாம்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ அதைக் கேக்கலையேடி!"

காசு மேற்கொண்டு அவளிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. பந்தல் முழுக்க, சட்டைப்பைகளிலும் முந்தானை முடிச்சுகளிலும், ஒரு முணுமுணுப்பு ஓடியது. பிறகு வடபாறை செல்லத்துரையின் பைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"யோவ், என்னை வைய்யா."

செல்லத்துரை ஆயிரத்தை வைத்தார். மைக் முழங்கியது. உடனே கீழ்ப்பாறைக்காரர் ஒருவரின் காசுகள் ஆரம்பித்தன: "வடபாறைக்காரன் ஆயிரம் வெச்சுட்டான். நீ ஐநூறை எடுக்கிறியே, வெக்கமா இல்ல? உன் மக காதுகுத்துக்கு இந்த ஊரு எவ்வளவு வெச்சுது, மறந்துட்டியா? எங்களுக்கு ஞாபகம் இருக்கு!" அவர் அவசரமாக இரண்டாயிரம் வைத்தார். செல்லத்துரையின் காசுகள் அவரை மறுபடி மேசைக்கு இழுத்து வந்தன. அத்தனை நாளும் கடனாளியின் மானத்தை வாங்கிய வாய்களெல்லாம் இப்போது வசதியானவர்களின் மானத்தை வாங்கின. மேசைக்கு முன்னால் தள்ளுமுள்ளு. காத்தமுத்துவுக்குக் குரல் கட்டிவிட்டது, ஆனாலும் விடாமல் கத்தினான். எண்ணுகிறவர்கள் ஒரு கோடியைத் தாண்டியதும் கையை உதறிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

முதல் தவணையைத் தையல் ஆணையரிடம் ஒப்படைத்தாள். அவர் வாங்கிக்கொண்டு தயங்கினார்.

"அடுத்த தவணை வராவிட்டால் மறுபடியும் விலக்கும்படிதான் ஆகும், அம்மா."

"தாராளமா விலக்குங்க," என்றாள் தையல். "ஆனா ஆணையமே மொய் வெச்ச ஊரை ஆணையமே தள்ளி வெச்சா, உங்க ஐநூறை யாருகிட்டங்க திருப்பி வாங்குவீங்க?"

ஆணையர் பெட்டியிலிருந்து விலக்கல் உத்தரவை எடுத்து நான்காக மடித்து, சாப்பிட்ட இலையோடு சேர்த்துப் போட்டுவிட்டார். போகும்போது பாப்பாத்தியம்மா ஒரு தூக்குவாளியில் குழம்பு கொடுத்தாள். அவருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. கிழவி ஒரு முறை முறைத்தாள், கை திரும்பி வந்தது.

கூட்டம் கலைந்ததும் தையல் ஒரு தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றித் தம்பியின் முன்னால் நகர்த்தினாள். "தின்னு. கத்திக் கத்தித் தொண்டை போச்சு, கூறுகெட்டவனே," என்று திட்டிக்கொண்டே அழுதாள். அவனும் அழுதான். ஆனால் குரல் கட்டியிருந்ததால் சத்தம் வரவில்லை.

"ரசத்துல பூண்டு இருக்கு," என்று சைகையில் சொன்னான்.

அடுத்த தை மாதம் தலைப்பாறையிலிருந்து மஞ்சள் தடவிய ஓர் அழைப்பிதழ் வந்தது. பொதுக்காசு ஆணையம் ஏழூர்க் காசுக்குக் காதுகுத்து விழா நடத்துகிறது. எல்லாக் காசுக்கும் நடுவில் ஓட்டை போடப்படும், அனைவரும் வரவும் என்று அச்சடித்திருந்தது. அடியில் குலோத்துங்கன் கையால் எழுதியிருந்தார்: 'அவசியம் குடும்பத்துடன் வாருங்கள். சாப்பாட்டுக்கு விலை வாங்க மாட்டோம்.'

"காசுக்குப் போய்க் காதுகுத்தா?" என்று காத்தமுத்து வாயைப் பிளந்தான். "ஆணையத்துக்கு என்ன கேடு?"

"கடன்தான்," என்றது சுருக்குப்பைக்குள்ளிருந்து நூறு காசு. "மத்த ஆறு ஊரும் பட்ட கடனைவிடத் தலைப்பாறையோட கடன் பெருசு. எங்களை வார்த்தாங்களே, அந்தப் பித்தளைக்கே இன்னும் பணம் பாக்கி."

தையல் பையைத் திறந்து அதை வெளியே எடுத்தாள். "அடிப்பாவி! பூண்டுக்காரன் கிட்டல்லாம் எங்க மானத்தை வாங்கினியே, இதை ஒரு நாளாவது சொன்னியா?"

"ஆணையத்தைப் பத்திப் பேசக்கூடாதுன்னு எங்க மூளையில எழுதி வெச்சிருந்தாங்க. யாருகிட்டயும் சொல்ல முடியாது. இப்போ நீங்களும் அவங்களும் மொய் செஞ்சுக்கிட்ட உறவாயிட்டீங்கல்ல. உறவுக்குள்ள பேசுறதைப் பத்தி ஒண்ணும் எழுதல." காசு அவள் உள்ளங்கையில் புரண்டு, "காது குத்துனா வலிக்குமா?" என்று கேட்டது.

தையலுக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் இளகியது. "வலிக்காதுடி. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்துவாங்க."

"எனக்குத் தாய்மாமன் யாரு?"

இத்தனை நாளும் தாய் மாதிரி அதை மடியிலேயே வைத்துச் சுமந்தவள், தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். காத்தமுத்து பதறிப்போய் எழுந்தான்.

"நானா? யக்கா, தாய்மாமன்னா சீர் செய்யணுமேக்கா! எங்கிட்ட ஏது காசு?"

"நான் இருக்கேனே மாமா," என்றது காசு. "என்னையே வைங்க. எப்படியும் திரும்பி வந்துருவேன்ல?"